வெறும் வெளிச்சம்: கொங்கு நாட்டில் ஒளிப்படத்தின் விலை

காங்கயத்துக்கு அருகில் ஒரு திருமண வீடு. முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பு, திண்ணையில் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். உறவுமுறையில் நாமும் அங்கிருந்தோம். சமையல்காரர், பந்தல்காரர், நாகசுரக் குழுவினர் எல்லோரிடமும் பேசி முடித்தாயிற்று. கடைசியாக வந்தவர் ஒளிப்படக்காரர். முப்பது வயதைத் தாண்டாத இளைஞர். அவர் தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்த தொகையைப் பார்த்த வீட்டுப் பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏனுங் தம்பி, ஒரு பொத்தானை அமுக்கறதுக்கு இத்தனையா? இப்பப் பிலிமுங்கூட இல்லியே?" என்றார். இளைஞர் முகம் சுளிக்கவில்லை. "அந்த முகூர்த்தத்துக்கு இன்னும் ரண்டு ஊட்டுல கேட்டிருக்கறாங்க. ஒருத்தருக்குத்தானுங்க ஒத்துக்க முடியும்" என்றார். பெரியவருக்கு அந்த விடை புரிந்ததாகத் தெரியவில்லை. அரைமணி நேரப் பேச்சுக்குப் பின் தொகை குறைந்தது. எப்படிக் குறைந்தது என்பதை இறுதியில் சொல்வோம்.

பெரியவர் கேட்ட கேள்வி புதிதன்று. 1859ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் ஆளுநரே அதைக் கேட்டார். அப்போதும் விலை குறைக்கப்பட்டது. இன்னும் சரியாகச் சொன்னால், வேலையே நிறுத்தப்பட்டது.

லின்னேயஸ் ட்ரைப் என்பவர் சென்னைப் படையில் கேப்டன். 1855இல் பர்மாவின் அரசவைக்குச் சென்ற ஆங்கிலேயத் தூதுக்குழுவுடன் போய்ப் படமெடுத்துப் பெயர்பெற்றவர். அதன்பின் சென்னை மாகாண அரசு அவரைத் தன் ஒளிப்படக்காரராக அமர்த்திக்கொண்டது. 1857இன் இறுதியிலும் 1858இன் தொடக்கத்திலுமாக அவர் தென்னாட்டில் நெடும்பயணம் செய்தார். திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய ஊர்களின் படங்கள் தனித்தனித் தொகுதிகளாக 1858இல் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று ராயக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டுவது. கொங்கு நாட்டின் வடக்கு விளிம்பை அடுத்த பாராமகால் பகுதிக்குக் கேமரா வந்ததற்கான தொடக்ககாலச் சான்றுகளுள் அது ஒன்று.

அந்தக் காலத்தில் ஒரு படத்தின் செலவு எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். ட்ரைப்புக்குப் பெரும்பாலும் மெழுகூட்டிய தாளே நெகடிவ். தாளைப் பதப்படுத்த வேண்டும்; வெப்பத்தில் மருந்து கெடாமல் காக்க வேண்டும்; கழுவ நல்ல தண்ணீர் தேட வேண்டும். பெரிய கேமராக்களும் மருந்துப் பெட்டிகளும் மாட்டுவண்டிகளில் ஊர் ஊராகச் சென்றன. உதவியாளர், வண்டிக்காரர், மாட்டுத் தீவனம், காத்திருந்த நாள்கள் எல்லாம் சேர்ந்ததே ஒரு படம். லென்சின் மூடியைத் திறந்து மூடிய சில நிமிடங்கள் அதில் மிகச் சிறிய பங்கு.

அந்தச் செலவால் கிடைத்தது என்ன? தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் வரிசையாகப் படமெடுத்தார். 21 அச்சுகளை ஒட்டிச் சேர்த்த அந்த நீள்படம் ஏறத்தாழ 19 அடி நீளம் கொண்டது. ஹுல்ட்ஸ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் தஞ்சைக் கல்வெட்டுகள் அச்சேறத் தொடங்கியது 1891இல்தான். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அவ்வெழுத்துகளின் உருவம் தாளில் பதிந்துவிட்டது.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு கருவூலம் வறண்டிருந்தது. 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யன், அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று ஒளிப்பட வேலையைக் கருதினார். விரைவில் ட்ரைப்பின் அலுவல் மூடப்பட்டது. ஆளுநர்மேல் குற்றம் காண்பது எளிது. அவர் கையில் இருந்தது செலவுக் கணக்கு. எடுத்த படத்துக்கான தொகை அதில் இருக்கும், எடுக்காமற்போன படத்துக்கான இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது. ட்ரைப்பின் தொகுதிகளில் பேரூருக்கென்றோ அவிநாசிக்கென்றோ தனியாக ஒன்றில்லை. 1860இல் பேரூர்க் கனகசபையின் தூண்கள் எப்படி நின்றன என்று காட்டும் ட்ரைப்பின் தொகுதி ஒன்று நமக்கு வாய்க்கவில்லை. விலையைக் குறைக்கும்போது எங்கோ ஏதோ ஒன்று படத்திலிருந்து விடுபடுகிறது என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது.

அரசு கைவிட்ட தொழிலை வணிகம் எடுத்துக்கொண்டது. நமக்கு அருகில் அது வேரூன்றிய இடம் உதகை. வெள்ளையர் கோடைக்கு வந்து தங்கும் ஊரில் உருவப்படத்துக்கும் மலைக்காட்சிக்கும் வாங்குவோர் இருந்தார்கள். நிக்கலஸ் நிறுவனத்தாரும், 1860களில் இந்தியா வந்து பின்னர் உதகையில் தமக்கென நிலையம் அமைத்துக்கொண்ட ஏ. டி. டபிள்யூ. பென்னும் நீலகிரியின் காட்சிகளையும் மக்களையும் படமாக்கி விற்றார்கள். இங்கே விலையின் கணக்கு மாறிவிட்டது. ஒரு நெகடிவிலிருந்து நூறு அச்சு எடுக்கலாம் என்றால் முதற்செலவு நூறாகப் பிரியும். பாரிசில் டிஸ்டெரி 1854இல் காப்புரிமை பெற்ற முறையில் ஒரே தட்டில் எட்டு உருவங்கள் பதிந்தன. உருவப்படம் நடுத்தர வர்க்கத்தின் கைக்கு எட்டியது அதனால்தான். ஆனால் நீலகிரிப் படங்களில் ஒன்றை மறக்கலாகாது. மந்தின் முன் நின்ற தோடர் படத்துக்கு விலை கொடுக்கவில்லை. விலை கொடுத்தவர் படத்தில் இல்லை. படத்தில் இருப்பவரே தம் படத்துக்கு விலை பேசும் நிலை வர, கேமரா மலையிலிருந்து சமவெளிக்கு இறங்க வேண்டியிருந்தது.

இறங்கியபோது கோவை மாறிக்கொண்டிருந்தது. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியில் முதல் நூற்பாலை எழுந்தது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் ஆலைகள் பெருகின. மாதச் சம்பளம் என்ற ஒன்று குடும்பங்களுக்குள் நுழைந்தது. கண்ணாடிக் கூரை வழியே வரும் பகல் வெளிச்சத்தை நம்பியிருந்த படப்பிடிப்பு அறைகளுக்கு மின்விளக்கு வந்தது. வரையப்பட்ட திரைச்சீலை, மரத்தூண், பூச்சாடி, கைவைக்க ஒரு முக்காலி: இவற்றின் நடுவே நம் தாத்தாக்கள் இமைக்காமல் நின்றார்கள். அவ்வறைகளில் கொடுத்த விலையில் தாளுக்கும் மருந்துக்கும் உரிய பங்குடன், அந்தத் திரைச்சீலையின் வாடகையும் சேர்ந்திருந்தது. சொந்தத்தில் கோட்டு இல்லாதவருக்கு மாட்டிவிட ஸ்டுடியோவிலேயே ஒரு கோட்டு தொங்கும்.

திருமண வீட்டுக்குள் ஒளிப்படக்காரர் நுழைந்தது இதனினும் சுவையான கதை. கொங்கு வேளாளர் திருமணத்தில் ஒவ்வொரு சீருக்கும் உரியவர் உண்டு. அருமைக்காரர் சடங்குகளை நடத்துவார். கம்பர் பாடியதாக வழங்கிவரும் மங்கல வாழ்த்தைக் குடிமகன் சொல்லுவார். இணைச்சீருக்கு மாப்பிள்ளையின் உடன்பிறந்தாள் வந்து நிற்க வேண்டும். வண்ணார் முதலான பிற தொழிலாளருக்கும் பணி உண்டு, பணிக்குரிய பங்கும் உண்டு. காங்கயத்தை அடுத்த சிற்றூரில் தங்கி ஆராய்ந்து பிரெண்டா பெக் 1972இல் வெளியிட்ட கொங்குச் சமூகம் பற்றிய நூல் இந்தக் கொடுக்கல் வாங்கல்களை விரிவாகக் காட்டுகிறது. களத்தில் அளக்கும் தானியம், சீரில் தரும் பணம், வேட்டி ஆகிய எல்லாம் வழக்கத்தால் உறுதிப்பட்டவை. அங்கே பேரம் இல்லை. ஆனால் மறுக்கும் உரிமையும் இல்லை. அந்த ஏற்பாட்டின் கசப்பைச் சுமந்தவர்கள் யார் என்பது நாம் அறிந்ததே.

போட்டோக்காரருக்கு இந்த வரிசையில் இடமே கிடையாது. எந்தச் சீரும் அவர் பெயரைச் சொல்லாது. ஆகவே அவர் தம் விலையைத் தாமே சொல்ல வேண்டியிருந்தது; முன்பணம் வாங்க வேண்டியிருந்தது; ஒத்துவராவிட்டால் எழுந்து போகவும் முடிந்தது. வழக்கத்தின் பங்கு நிலவிய வாசலில் 'இவ்வளவு' என்று தொகை சொல்லி நின்ற புதியவர்களுள் அவர் ஒருவர். இன்றும் அவரிடம் மட்டும் குரல் உயர்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. வேலையைக் கண்ணால் காணமுடியாத தொழிலாளி அவர். சமையல்காரரின் அண்டாவும் பந்தல்காரரின் மூங்கிலும் கண்ணுக்குத் தெரிகின்றன.

பிலிம் காலத்தில் ஓரளவுக்காவது தெரிந்தது. யாஷிகா, ரோலிபிளெக்ஸ் போன்ற இரட்டை லென்சுக் கேமராக்களில் போடும் 120 எண் பிலிம் சுருளில் சதுரப் படம் 12தான் எடுக்கலாம். பின்னால் பரவலான 35 மி.மீ. சுருளில் 36. ஆகவே 'எத்தனை ரோல்' என்பதே விலைப் பேச்சின் முதல் கேள்வி. எடுக்கும் கூலி ஒரு பங்கு. பிரதி ஒன்றுக்கு இவ்வளவு என்பது இன்னொரு பங்கு. நெகடிவ் ஸ்டுடியோவிலேயே இருக்கும். படத்தின் பின்புறம் ஒரு எண் எழுதித் தருவார்கள். பிறகு பிரதி வேண்டுமானால் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒளிப்படக்காரரின் முதுமைக்கான சேமிப்பு அந்த நெகடிவ் உறைகளே. சட்டம் வேறு சொல்கிறது என்பது வியப்பு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, பணம் கொடுத்து எடுப்பிக்கும் படத்தின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே. சட்டத்தில் உரிமை வீட்டாருக்கு. நடைமுறையில் நெகடிவ் கடைக்காரரிடம். இரண்டுக்கும் இடையில் ஒரு நல்லுறவு ஓடிக்கொண்டிருந்தது.

பிலிம் விலையோ நம் கையில் இல்லை. பிலிமிலும் தாளிலும் பூசப்படுவது வெள்ளியின் சேர்மம். சேலத்துக் கொலுசுக்கும் கோவை ஸ்டுடியோவின் தாளுக்கும் மூலப்பொருள் ஒன்றே. கழுவிய ஹைப்போக் கரைசலை வீணாக்காமல் சேர்த்துவைத்து, அதில் கரைந்த வெள்ளியைப் பிரித்தெடுப்போருக்கு விற்கும் வழக்கமும் இருந்தது. 1980 ஜனவரியில், அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததன் விளைவாக, உலகச் சந்தையில் அதன் விலை அவுன்சுக்கு 50 டாலரை நெருங்கியது. பிலிம் விலையும் உயர்ந்தது. வெளிநாட்டை நம்பியிருக்கும் இந்நிலையைக் குறைக்கவே 1960இல் உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. தூசியற்ற காற்றும் குளிரும் நல்ல நீரும் அவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணங்கள். 1967இல் உற்பத்தி தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும் தாளும் மலையிலிருந்து இறங்கின. வண்ணத்துக்கும் பின்னர் டிஜிட்டலுக்கும் உலகம் மாறியபோது அந்நிறுவனம் ஈடுகொடுக்க இயலாமல் நலிந்து, இறுதியில் மூடப்பட்டது. நம் வீட்டுப் பரண்களில் உள்ள பல கறுப்பு வெள்ளைப் படங்களின் தாள் நீலகிரியில் பிறந்தது என்பதை நாம் நினைப்பதில்லை.

பிலிம் விலை ஒரு விசித்திர வழக்கத்தை உண்டாக்கிற்று. மணமேடையில் உறவினர் வரிசையாக ஏறி நிற்பார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பிலிம் செலவிட்டால் கணக்குத் தாங்காது. வீட்டார் கண்ணைக் காட்டுவார்கள். ஒளிப்படக்காரர் பிலிமை நகர்த்தாமல் பிளாஷை மட்டும் மின்ன வைப்பார். நின்றவர்கள் நிறைவோடு இறங்கிப் போவார்கள். வெறும் வெளிச்சம்! இதை நகைச்சுவையாகவே எல்லோரும் சொல்வார்கள்; நாமும் சிரித்திருக்கிறோம். ஆனால் அந்த வெறும் வெளிச்சம் யார்மேல் விழுந்தது என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. ஆலை முதலாளி மேடையேறும்போது அது மின்னவில்லை. தோட்டத்தில் வேலை செய்பவரும் தூரத்து உறவான கைம்பெண்ணும் ஏறும்போதே மின்னியது. மொய் நோட்டில் இரண்டு ரூபாய் வைத்தவர் பெயரும் ஊரோடு எழுதப்பட்டது. ஆல்பத்தில் அவர் முகம் இல்லை.

இப்போது பிலிம் இல்லை. அதனால் விலையும் இருக்கக்கூடாது என்பது திண்ணைப் பெரியவரின் வாதம். போன செலவு எங்கே போயிற்று என்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு திருமணத்தில் 3,000 படங்கள் எடுக்கப்படுவதாகக் கொள்வோம். பார்த்து, தேர்ந்து, நிறம் திருத்த ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலே 50 மணி நேரம். நாளுக்கு 8 மணி நேரம் உழைத்தாலும் ஆறு நாளுக்கு மேல். முந்தின நாள் மாலைச் சடங்கும் மறுநாள் முகூர்த்தமுமாக இரண்டு நாள் நின்றே இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு ஒருவர், பெண்ணுக்கு ஒருவர், வீடியோவுக்கு ஒருவர் என ஆள்கூலி. சில ஆண்டுகளில் பழசாகிவிடும் கேமராவின் கடன் தவணை. கோப்புகளைக் கெடாமல் வைத்திருக்க இரட்டைச் சேமிப்பு. ஆல்பத்தின் தாள் ஒவ்வொன்றுக்கும் அச்சகத்துக்குத் தனித்தொகை. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாதவை.

இவற்றினும் பெரியது அந்த இளைஞர் சொன்ன காரணம். ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் இல்லை. தேய்பிறையைப் பலர் விலக்குவர். எஞ்சிய முகூர்த்த நாள்களை எண்ணி அவற்றுக்குள் ஓராண்டுக்கான வருவாயை ஈட்ட வேண்டும். அரிசி விற்காவிட்டால் நாளை விற்கலாம். ஒரு முகூர்த்த நாளை ஒருமுறைதான் விற்க முடியும். நாம் அவரிடம் வாங்குவது அந்த நாளையே. அதிலும் கொங்குத் திருமணத்தில் எந்தச் சீர் எப்போது, இணைச்சீரில் யார் எங்கே நிற்பார் என்று அறியாதவர் கேமரா பிடித்தால் அந்தக் கணம் தப்பிவிடும். தாலி கட்டும் நேரத்தை மறுபடி நிகழ்த்த எவராலும் இயலாது.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் தகடூர் அதியமானிடம் பரிசில் பெறச் சென்ற செய்தி உண்டு. அவரைக் காணாமலே பொருளைக் கொடுத்தனுப்பினான் அதியமான். புலவர் அதை ஏற்கவில்லை. தம் தகுதியை அறிந்து தருவது சிறிதாயினும் போதும் என்பது அவர் நிலை. தகடூர் இன்றைய தருமபுரி. நம் எல்லையோரத்து ஊர். ஒளிப்படக்காரர் புலவர் அல்லர். அவர் கேட்பது பரிசிலும் அன்று. ஆயினும் வேலையைக் காணாமல் தொகையை மட்டும் பார்க்கும்போது அதியமான் செய்த பிழையையே நாமும் செய்கிறோம்.

இந்த விலையைக் கொடுக்க இயலாதவர் முகங்கள் என்னவாயின? பல வீடுகளில் இறந்தபின் உட்காரவைத்து எடுத்த படமே வாழ்நாளின் ஒரே படமாக இருந்தது. பிறகு எதிர்பாராத திசையிலிருந்து ஒரு மாற்றம் வந்தது. 1993இல், டி. என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, வாக்காளருக்குப் புகைப்பட அடையாள அட்டை வழங்கும்படி தேர்தல் ஆணையம் ஆணையிட்டது. கூலி வேலை செய்வோர், முதியோர், கைம்பெண்கள் என எல்லோரும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் வரிசையில் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். 1859இல் படம் ஆடம்பரம் என்ற அரசு ஒன்று. 134 ஆண்டுகள் கழித்து ஒவ்வொருவர் முகமும் வேண்டும் என்று தன் செலவில் எடுத்த அரசு இன்னொன்று. கள்ள ஓட்டைத் தடுக்க எடுத்த அந்தப் படமே பின்னாளில் எத்தனையோ குடிசைச் சுவர்களில் மாலையேற்றது.

எங்கள் அம்மாயிக்கும் அதுவே ஒரே படம். அவர் மறைந்தபின் அட்டையைத் திருப்பூரில் ஒரு ஸ்டுடியோவுக்கு எடுத்துச் சென்றோம். நகம் அளவு முகத்தைச் சுவரளவு ஆக்க வேண்டும். அங்கிருந்தவர் திரையில் அதைப் பெரிதாக்கி, கீறல்களைத் துடைத்துக்கொண்டே, "காதுல தோடு இருந்துதுங்களா, வெறுங்காதுங்களா?" என்று கேட்டார். எங்களில் ஒருவர் இருந்தது என்றார். ஒருவர் இல்லை என்றார். ஐம்பது ஆண்டுக் காலம் எங்களுக்குச் சோறு போட்டவரின் காது எங்கள் எவருக்கும் நினைவில் இல்லை. இறுதியில் வெறுங்காதாகவே விட்டார். அன்று அவர் கேட்ட தொகையை எண்ணிப் பாராமல் கொடுத்தோம்.

திண்ணைப் பேரத்துக்கு வருவோம். 40 தாள் ஆல்பம் 30 தாளாயிற்று. அப்படித்தான் தொகை குறைந்தது. "பந்திப் படத்தையும் ஊர்க்காரங்க படத்தையும் எடுத்துரலாங்களா?" என்று இளைஞர் கேட்டார். பெரியவர் மகிழ்ச்சியோடு தலையசைத்தார். பிளாஷ் மட்டும் மின்னிய அந்தப் பழைய ஏற்பாடு வேறு உருவில் திரும்பி வந்திருப்பதை இருவருமே கவனிக்கவில்லை.

திருமணம் முடிந்து ஆல்பமும் வந்தபிறகு, அந்த இளைஞரைத் தேடிச் சென்றோம். விடுபட்ட பந்திப் படங்கள் கோப்பில் இருந்தன. கடைசிப் பந்தியில் தண்ணீர்த் தம்ளரைப் பிடித்தபடி கேமராவைப் பார்த்து வெட்கத்தோடு சிரிக்கும் ஒரு கிழவி. அந்த வீட்டு மாட்டுக் கொட்டகையை நெடுங்காலமாகக் கூட்டி வந்தவர். அவர் படத்தில் இரண்டு பிரதி போடச் சொன்னோம். ஒன்று அவருக்கு, ஒன்று பெரியவர் வீட்டுக்கு. பிரதிக்கு எவ்வளவு என்று கேட்டோம், சொன்னார். பேரம் பேசவில்லை.